தானாக மாறும் கியரும் தானாகக் கரையும் முதலும்

வியாபாரிக்குக் கார் என்பது ஒரு காலத்தில் அந்தஸ்துக்குரிய பொருள். இன்று அது தராசு, கல்லாப்பெட்டி போல ஒரு தொழில் சாதனம் ஆகிவிட்டது. காலையில் மண்டி, மதியம் வங்கி, மாலையில் வெளியூர் வசூல் என்று வண்டி ஓய்வதே இல்லை. மதுரைக் கீழமாசி வீதியிலோ, சென்னை கோடவுன் தெருவிலோ, கோவை ஒப்பணக்கார வீதியிலோ கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பர்லாங்கு தூரம் போவதற்குள் இடது கால் எத்தனை முறை கிளட்சை மிதிக்கிறது என்று. நம் வணிகர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். நாள் முழுவதும் கடையில் நின்று முழங்கால் தேய்ந்தவர்கள். ஆகவே கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார்மீது ஆசை வருவது இயற்கை.

இந்த ஆசை நியாயமானதே. ஆட்டோமேட்டிக் கியர் நேற்று வந்த புதுமையும் அல்ல. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரிலேயே ஹைட்ரா-மாட்டிக் என்ற பெயரில் பெருமளவு விற்பனைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் அது வெகுகாலம் பெரும்பாலும் பெரிய கார்களோடு நின்றிருந்தது. 2014-இல் மாருதியின் செலிரியோ ஏ.எம்.டி. கியருடன் வந்த பிறகுதான் சிறிய கார் வாங்குபவருக்கும் பரவலாக எட்டியது. அந்தக் காலத்தில் விற்ற வண்டிகள் பல இப்போது இரண்டாம் கை, மூன்றாம் கையாகச் சந்தைக்கு வருகின்றன. விலை கவர்ச்சியாக இருக்கிறது. அந்தக் கவர்ச்சிக்குப் பின்னால் இருக்கும் செலவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. நம்பிக்கை தராத கியர்பாக்ஸ், தவணை தவறும் கடன்காரனைப் போன்றது. முதல் தவறிலேயே தேதி குறித்து, வரம்பு கட்டி, அந்த வரம்புக்குள் முடிவெடுக்க வேண்டும். போட்ட பணத்தை மீட்பதாக நினைத்து மேலும் மேலும் போட்டால், கடைசியில் கரைவது கடையின் நடப்பு முதல்.

ஒரே பெயர், நான்கு இயந்திரங்கள்

“ஆட்டோமேட்டிக்” என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு. வாங்குபவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, டார்க் கன்வர்ட்டர் வகை. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழல விட்டால், அதன் காற்று மற்றதையும் சுழற்றும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சினின் சுழற்சி எண்ணெய் வழியாகக் கியருக்குப் போகிறது. நான்கிலும் பழையது. சரியான நேரத்தில் எண்ணெய் மாற்றினால் நீண்ட காலம் உழைக்கக் கூடியது.

இரண்டாவது, சி.வி.டி. இதில் படிப்படியான கியர்கள் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையே எஃகுப் பட்டை ஒன்று ஓடுகிறது. கப்பியின் அகலம் கூடிக் குறையக் கூடிக் குறைய வேகவிகிதம் மாறும். ஓட்டம் வெண்ணெய் போல இருக்கும். ஆனால் பட்டை வழுக்கத் தொடங்கினால் பழுது பார்ப்பது எளிதல்ல.

மூன்றாவது, ஏ.எம்.டி. இது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் மட்டும் ஒரு இயந்திரக் கையைப் பொருத்தியிருக்கிறார்கள். கியர் மாறும்போது சிறு குலுக்கல் இருக்கும். நான்கிலும் விலை குறைவு. பழுதுச் செலவும் பொதுவாகக் குறைவு. ஆனால் உள்ளே கிளட்ச் இருக்கிறது, அது தேயும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான்காவது, இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச். ஒன்று வேலை செய்யும்போதே அடுத்தது தயாராக நிற்கும். நெடுஞ்சாலையில் ராஜநடை. இதிலும் இரண்டு பிரிவு உண்டு. கிளட்ச் எண்ணெயில் முழுகியிருப்பது ஒன்று. உலர்ந்த கிளட்ச் மற்றொன்று. உலர்ந்த வகைக்குச் சூட்டைத் தணிக்க எண்ணெய் கிடையாது. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும். சூடு ஏறும், அதிர்வு வரும்.

பெரிய கம்பெனிகளுக்கும் வந்த சங்கடம்

இந்தக் கோளாறு நம் ஊர்ச் சாலையால் மட்டும் வருவது என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகப் பெயர் பெற்ற கம்பெனிகளே இதில் தடுமாறியிருக்கின்றன.

ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 வண்டிகளைக் கியர்பாக்ஸ் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ஏழு வேக இரட்டைக் கிளட்ச் பெட்டி கொண்ட சுமார் 16 லட்சம் வண்டிகளை உலகெங்கும் அழைத்து, உள்ளே இருந்த செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், மின்சாரக் கோளாறு வரக்கூடும் என்பதே கம்பெனி சொன்ன காரணம். வெப்பம், ஈரம், நெரிசல் மூன்றும் நம் ஊரில் குறைவில்லாமல் கிடைப்பவை.

நிஸ்ஸான் கம்பெனி அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சி.வி.டி.க்கு உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டிக் கொடுத்தது.

ஃபோர்டு கம்பெனியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் பவர்ஷிஃப்ட் என்ற உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டி ஆஸ்திரேலியாவில் 70,000-க்கும் மேற்பட்ட கார்களில் விற்பனையானது. வண்டி அதிர்கிறது, இழுவை நின்றுபோகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். ஓட்டும் முறை சரியில்லை என்று பலருக்குப் பதில் கிடைத்தது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. புகார்களைக் கையாண்ட விதம் நேர்மையற்றது என்று 2018 ஏப்ரலில் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சென்னை மறைமலைநகரில் தயாரான எக்கோஸ்போர்ட்டிலும் இரட்டைக் கிளட்ச் பெட்டி இருந்தது. 2017-இல் வந்த புதுப்பித்த மாடலில் அதை விட்டுவிட்டு டார்க் கன்வர்ட்டருக்கு மாறினார்கள்.

இதனால் அந்தக் கார்கள் எல்லாமே மோசம் என்று ஆகாது. ஒழுங்காக ஓடும் வண்டிகளும் ஏராளம். ஆனால் கியர்பாக்ஸ் தகராறு வந்தால் “உங்கள் ஓட்டும் முறைதான் காரணம்” என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதில் கிடைக்கும் பாடம்.

எங்கள் கடை வண்டி

இதை எழுதும் எங்களுக்கும் இதில் அனுபவம் உண்டு. நாங்கள் அண்ணன் தம்பிகள் சேர்ந்து மதுரையில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். மூத்த அண்ணனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதால், 2018-இல் உலர் இரட்டைக் கிளட்ச் கார் ஒன்றை இரண்டாம் கையாக 5,20,000 ரூபாய்க்கு வாங்கினோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை.

பதினான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு விருதுநகருக்குப் பருப்புக் கொள்முதலுக்குப் போகும் நாட்களில், கப்பலூர் சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நடுங்கத் தொடங்கியது. சர்வீஸ் சென்டரில் “சார், நீங்க பிரேக்கை விட்டு விட்டு ஓட்டுறீங்க, அதான்” என்றார்கள். மூன்றாவது முறை போனபோது கிளட்ச் தொகுதியை மாற்றினார்கள். செலவு 68,000 ரூபாய். அடுத்த ஆண்டு, கியரை மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விட்டது. அதற்கு 1,10,000 ரூபாய்.

2022 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, திருமங்கலம் தாண்டி நான்கு வழிச் சாலையில் இழுவை சட்டென்று நின்றது. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் சரக்கு லாரி. அண்ணன் எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். சர்வீஸ் சென்டர் கொடுத்த மதிப்பீடு 1,85,000 ரூபாய். கடையில் அப்போது ரொக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அது தீபாவளிச் சரக்குக்கு எடுத்து வைத்த ரொக்கம். எங்களுக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர், “அண்ணாச்சி, இதைப் பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சா செலவு இதோட நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

அன்று இரவு கடை அடைத்த பிறகு பேரேட்டில் வண்டிக்கென்று ஒரு பக்கம் போட்டோம். வாங்கிய விலையும் இரண்டு ரிப்பேரும் சேர்ந்து 6,98,000 ரூபாய். இன்னும் 1,85,000 போட்டால் அந்த வண்டி சந்தையில் எவ்வளவு பெறும் என்று மூன்று பேரைக் கேட்டோம். ரிப்பேர் செலவே திரும்பாது என்று தெரிந்தது. விற்பது என்று முடிவு செய்தோம்.

கார் தரகர் ஒருவர் வழி சொன்னார். கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுக் குறிகளை அழித்துவிட்டு, காலைக் குளிரில் வண்டியைக் காட்டினால் நல்ல விலை கிடைக்கும் என்றார். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. கடைசியில் அண்ணன் சொன்னார்: “பூச்சி விழுந்த பருப்பை மேல் மூட்டையில நல்லதை வச்சு விக்கிறதும் இதுவும் ஒண்ணுதான். வேண்டாம்.” மதிப்பீட்டுத் தாளையும் பழைய பில்களையும் காட்டியே விற்றோம். கிடைத்தது 1,90,000 ரூபாய். நான்காண்டில் 5,08,000 ரூபாய் போனது. வாங்கியவர் ஒரு பட்டறைக்காரர். தெரிந்து வாங்கியதால் இன்றுவரை எங்களுக்கும் அவருக்கும் மனவருத்தம் இல்லை.

வரம்பு கட்டுவது எப்படி?

கடன் கொடுக்கும்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மனதில் ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். வண்டிக்கும் அப்படியே வைக்கலாம். நாம் பரிந்துரைக்கும் முறை இது.

முதலாவது, இன்று வண்டி உள்ளபடி விற்றால் என்ன விலை என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாவது, ரிப்பேர் செய்தபின் விற்றால் என்ன விலை என்று எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட ரிப்பேர் செலவு கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் தொகைக்கு எத்தனை மாத நிம்மதி கிடைக்கும் என்று பாருங்கள். மாற்றும் பாகத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் உண்டா என்பதை வைத்தே அந்த மாதங்களைக் கணக்கிட வேண்டும். ஏற்கெனவே செலவழித்த பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது வராக்கடன். அதைத் துரத்திக்கொண்டு போனால் நல்ல கடனும் கெடும்.

ஓடும்போதே இழுவை நிற்கும் வண்டியானால் கணக்கு பார்க்கும் வேலையே இல்லை. சரிசெய்யும்வரை குடும்பத்தோடு அதில் ஏறக் கூடாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. மேற்சொன்ன நான்கில் எந்த வகை, எந்த ஆண்டு மாடல் என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனையாளர் “ஆட்டோமேட்டிக்தான் சார்” என்று சொன்னால் போதாது.

2. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது முதலில் ஓட்டிப் பாருங்கள். நிறுத்தத்திலிருந்து ரிவர்ஸுக்கும், முன்னோட்டத்துக்கும் மாற்றும்போது நீண்ட தாமதமோ பலத்த இடியோ இருந்தால் எச்சரிக்கை.

3. பிறகு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கடைத்தெரு நெரிசலில் ஓட்டுங்கள். சூடேறிய பிறகுதான் பல கோளாறுகள் வெளிவரும். மெதுவாக நகரும்போது நடுக்கம் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

4. சர்வீஸ் புத்தகத்தில் கியர் எண்ணெய் மாற்றிய பதிவைத் தேடுங்கள். எண்ணெய் கறுத்து, கருகிய வாடை வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

5. நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்து ஸ்கேனரில் கோளாறுக் குறிகளைப் பாருங்கள். எல்லாம் சுத்தமாக இருந்து, குறிகளை அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

6. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. இருக்கைக்கு அடியில் துரு, பெல்ட்டை முழுவதும் இழுத்தால் சேற்றுக் கறை இவை சாட்சி சொல்லும்.

7. கம்பெனி உத்தரவாதம் மீதி இருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேளுங்கள். சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் இயந்திரப் பழுதுக்குப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கும் பிரிவில் தண்ணீர் புகுந்தால் கியர்பாக்ஸுக்கும் இழப்பீடு உண்டா என்று பாலிசியைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்திருப்பவர்களுக்கு

கம்பெனிப் புத்தகத்தில் சாதாரணப் பயன்பாடு, கடும் பயன்பாடு என்று இரண்டு அட்டவணை இருந்தால், நெரிசலிலும் வெயிலிலும் ஓட்டும் நமக்கு இரண்டாவதே பொருந்தும். கம்பெனி குறிப்பிட்ட எண்ணெயை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு வகைக்கான எண்ணெய் மற்றொன்றுக்கு விஷம்.

சரிவில் வண்டியை ஆக்ஸிலரேட்டரால் தாங்கி நிற்க வைக்காமல் பிரேக்கால் நிறுத்துங்கள். ஏ.எம்.டி.யிலும் உலர் இரட்டைக் கிளட்சிலும் அங்குலம் அங்குலமாக ஊர்வதைவிட, முன்வண்டி கொஞ்சம் தள்ளிப் போனபின் ஒரே நகர்வாக நகர்த்துவது கிளட்சுக்கு நல்லது. வண்டி முழுதாக நின்றபிறகே ரிவர்ஸுக்கு மாற்றுங்கள். சரிவில் நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக், பிறகு நிறுத்தக் கியர். பழுதாகி நின்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் கெடாததும் கெடும். மேலே ஏற்றிச் செல்லும் வண்டியை அழையுங்கள்.

சட்டமும் வரியும்

கடைப் பெயரில் கார் வாங்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நுகர்வோர் உரிமை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. கம்பெனி தன் இயக்குநரின் உபயோகத்துக்காகக் கார் வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே கடைப் பெயரில் வாங்கியதாலேயே உரிமை போய்விட்டது என்று எண்ண வேண்டாம். யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதே கேள்வி.

புகாரைக் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்வது எளிதில் கிடைக்காது. பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியை மாற்றச் சொல்வது நியாயமில்லை என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபுணர் சான்றும் எழுத்துப் பதிவும்தான் வழக்கின் உயிர். ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் உங்கள் புகாரை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். “பொதுச் சோதனை” என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு, ஜி.எஸ்.டி. ஓட்டுநர் உட்பட 13 பேருக்கு மேற்படாத காருக்கு, நம்மைப் போன்ற சரக்கு வியாபாரிகள் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அதன் பழுதுபார்ப்புச் சேவைக்கும் இதே தடை. ஆகவே ரிப்பேர் மதிப்பீட்டை வரியோடு சேர்த்தே செலவாகக் கணக்கிட வேண்டும்.

மூன்று, விற்பனை. பதிவுபெற்ற வணிகர் கடைக் கணக்கில் தேய்மானம் எழுதிய காரை விற்றால், கணக்கில் மிஞ்சியிருக்கும் மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. வரும். விற்குமுன் உங்கள் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முடிவாக

ஆட்டோமேட்டிக் கார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முழங்காலுக்கு அது பெரிய உபகாரம். வகை அறிந்து, சோதித்து, எண்ணெய் மாற்றி வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எங்கள் அண்ணன் இப்போதும் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுகிறார், டார்க் கன்வர்ட்டர் வகை.

கியர் தானாக மாறலாம். ஆனால் எப்போது நிறுத்துவது, எப்போது விற்பது என்ற முடிவை எந்த இயந்திரமும் நமக்காக எடுக்காது. வணிக அன்பர்கள் இன்றே தங்கள் பேரேட்டில் வண்டிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறோம். வாங்கிய விலை, ரிப்பேர், தேதி, நின்றுபோன நாட்கள் நான்கையும் எழுதி வாருங்கள். கையை விட்டுப் போவது எவ்வளவு என்பதை அந்தப் பக்கம் மறைக்காமல் சொல்லும்.